குடைக்குள் ஒரு கடிகாரம்

அந்த மனிதன் குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டிருந்தான்.

டீக்கடைத் தகரத்தின் கீழே ஸ்கூட்டியோடு ஒதுங்கி நின்ற கீர்த்தனா இதைப் பார்த்தாள். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஐப்பசி மழை அவசரமே இல்லாமல் பெய்துகொண்டிருந்தது. பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டுகளின் கூரையில் அது விழுகிற சத்தத்தில், உள்ளே ஓடும் மெஷின்களின் சத்தம்கூடக் கேட்கவில்லை. துணி மூட்டை ஏற்றிய ஆட்டோக்கள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு போயின. எல்லோருமே தங்கள் பொருளை மூடிக்கொண்டு தாங்களும் தலையில் எதையாவது போட்டுக்கொண்டுதான் போனார்கள். ஆனால் இவன்... மார்போடு அணைத்த ஓர் அட்டைப்பெட்டி. அதற்கு நேர் மேலே குடை. முடியிலிருந்து வழிந்த நீர் புருவத்தில் தங்கி, இமையில் இறங்கி... அவன் கண்ணைச் சிமிட்டினானே தவிர, குடையைத் தன் பக்கம் சாய்க்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கமாக முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவள் இல்லை அவள். தெரிந்தவர்களிடமே குறைவாகத்தான் பேசுவாள். அன்று மழை கொடுத்த தைரியமோ என்னவோ...

“ஏனுங்க... குடை உங்களுதுங்களா, பெட்டியோடதுங்களா?”

அவன் திரும்பினான். அமைதியான கண்கள். ஒரு கேள்வியை உள்ளே வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகே பதில் சொல்கிற கண்கள்.

“உள்ளே கடிகாரம் இருக்குதுங்க.”

“நனைஞ்சா நின்னு போயிருமுங்களா?”

“நின்னாப் பரவாயில்லீங்க.” அவன் பெட்டியைப் பார்த்தான். “தப்பா ஓடீரும். அதுதான் பயம்.”

இப்படியும் ஒரு பயம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அவன் ‘ஊர்க்கண்’ சேனல் ஆபீசுக்கு எப்படிப் போவது என்று கேட்டான். அவள் வேலை செய்கிற இடம்தான் அது. ஆனால் அதைச் சொல்லவில்லை. இடதுபக்கச் சந்தில் போனால் பின்கேட் வரும், குறுக்குவழி என்று கை காட்டினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்... குடையும் பெட்டியுமாக.

மழை நாளில் அந்தச் சந்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் என்பது, அவன் மறைந்த பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.

*

ஊர்க்கண் சேனல் ஒரு பழைய நிட்டிங் ஷெட்டில் இயங்கியது. பனியன் வியாபாரி பசீர் அகமது நடத்துகிற சேனல். மெஷின்களை எடுத்துவிட்டு ஸ்டுடியோ கட்டியிருந்தார். இப்போதும் வெயில் ஏறினால் எண்ணெய் வாசமும் பஞ்சு வாசமும் வரும். கன்ட்ரோல் ரூமில் ஸ்விட்ச்சர் பேனலின் முன்னால் உட்காருவது கீர்த்தனா. நேரலையின்போது எந்தக் கேமராவின் படம் எப்போது வெளியே போக வேண்டும் என்பதை அவள் விரல்தான் முடிவு செய்யும். பேச்சு குறைவாக இருப்பவர்களுக்கு ஏற்ற வேலை அது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்த சற்று நேரத்தில் கதவு திறந்தது. முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர், தலையில் பெட்டி. கடிகாரக்காரன்.

பின்னால் வந்த பசீர் பாய், “இவருதான் கண்ணு அருள்செல்வன். உடுமலைக்காரரு. நம்ம பழைய கேபிளையெல்லாம் எடுத்துட்டு நெட்வொர்க்குக்கு மாத்திக் குடுக்க வந்திருக்காரு” என்றார்.

அவன் அவளையே பார்த்தான். அவள் பேனலையே பார்த்தாள்.

“வழி கேட்டு வந்தீங்களா தம்பி? யாரு அந்தச் சந்துல அனுப்புனது?”

“ஒருத்தங்க சொன்னாங்க பாய்,” அவன் நிதானமாகச் சொன்னான். “நல்லவங்கதான். கொஞ்சம் மறதி.”

கீர்த்தனாவின் காது சூடாகிவிட்டது. பெட்டி மட்டும் ஒரு துளி நனையாமல் வந்திருந்தது.

*

அடுத்து வந்த வாரங்களில் ஷெட்டிலிருந்து கறுப்புக் கேபிள்கள் வெளியேறின. இதுவரை ஒரு கேமராவுக்கு ஒரு கேபிள், அது நேராக அவள் அறைக்கு வரும். வேறு அறையில் அதே படம் வேண்டுமென்றால் இன்னொரு கேபிள். கூரையெங்கும் அவை விழுதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. அருள் அவற்றைச் சுருட்டிச் சுருட்டி எடுத்தான். அந்த இடத்தில் நூலிழைபோல ஓரிரு ஃபைபர் மட்டும் வந்தது. எல்லாக் கேமராக்களின் படமும் ஒரே நெட்வொர்க் பெட்டிக்குள் போனது.

முதலில் அவளுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற கேபிளை நம்பலாம். இதில் யாருடைய படம் எங்கே போகிறது?

ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவனிடமே கேட்டாள். அவன் வழக்கம்போல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவனுடைய அந்த மௌனத்துக்கு அவள் பழகிவிட்டிருந்தாள். சொல்லப்போனால்... அதற்காகவே கேள்வி கேட்டாளோ என்று இரவில் படுத்துக்கொண்டு யோசித்ததும் உண்டு.

“கேமரா ஒரு தடவைதான் சொல்லுமுங்க,” என்றான். “யாருக்கு வேணுமோ அவங்க கேட்டு வாங்கிக்கோணும். பாய் ரூம் டிவி கேட்டா அதுக்கும் போகும், உங்க மானிட்டர் கேட்டா இதுக்கும் போகும். எத்தனை பேர் கேட்டாலும் அது சொல்றது ஒரு தடவைதான்.”

“கேக்காதவங்களுக்கு?”

“போகாதுங்க.”

“பக்கத்துலயே இருந்தாலுமா?”

“பக்கத்துலயே இருந்தாலும்தானுங்க...”

இருவரும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே தூறல். தயிர்ச்சாதத்துக்கு அவள் கொண்டு வந்திருந்த மாங்காய் ஊறுகாயை, அவன் கேட்கவில்லை. ஆனாலும் அவள் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒருநாள் சொன்னான். அது பார்ப்பதற்குக் கடிகாரம்போலவே இல்லை. முள் கிடையாது, ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. படமெல்லாம் ஒரே வழியில் துண்டு துண்டாக வருவதால், எந்தத் துண்டு எந்த நொடியுடையது என்று தெரிய, எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே கடிகாரம்தான் தலைமை. கூட ஒரு சின்னக் கடிகாரமும் துணைக்கு உண்டு. பெரியதன் குரல் கேட்கிறவரை சின்னது வாய் திறக்காது. கேட்டுக்கொண்டே இருக்கும்.

“குரல் நின்னு போனா?”

“கொஞ்சம் காத்திருந்து பாக்குமுங்க. அப்பவும் கேக்கலைன்னா, அந்தப் பக்கம் யாருமே இல்லைன்னு நெனச்சுக்கும். தானே நேரம் சொல்ல ஆரம்பிச்சுரும்.”

“பாவம்,” என்றாள் அவள்.

எந்தக் கடிகாரத்தைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. சிரித்தான். அவன் சிரித்தால் கண்தான் முதலில் சிரிக்கும், உதடு அப்புறம்தான் வரும்... இதையெல்லாம் எப்போதிலிருந்து கவனிக்க ஆரம்பித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

கேமராமேன் வாசிம்தான் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தான். நெட்வொர்க் வந்துவிட்டால் கேமரா மட்டும் இங்கே இருந்தால் போதுமாம். படத்தை ஃபைபரில் கோயமுத்தூருக்கே அனுப்பி, அங்கே இருக்கும் கூட்டாளிச் சேனலின் கன்ட்ரோல் ரூமில் ஸ்விட்ச் செய்துகொள்ளலாமாம். “அப்புறம் உங்க பேனல எடைக்குத்தான் போடோணும் அக்கா,” என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கீர்த்தனா நேராக அருளிடம் போனாள். அவன் ஏணியில் நின்று ஃபைபரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க ரூம மூடப்போறாங்களாமே... உங்களுக்குத் தெரியுமுங்களா?”

அவன் இறங்கினான். அந்த மௌனம் வந்தது. இத்தனை நாள் அவளுக்கு இதமாக இருந்த அதே மௌனம்... இன்று அதில் நிற்க முடியவில்லை.

“தெரியுமுங்க,” என்றான்.

“வரும்போதே தெரியுமா?”

“...தெரியுமுங்க.”

இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அவள் நின்று கேட்கவில்லை. தன் நாற்காலியைப் பிடுங்கிப் போடுவதற்காகவே வந்தவனுக்கு, தானே ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறோம் என்ற நினைப்பு உள்ளே எரிந்தது. வேலை போவது ஒரு வலி. அதைவிட... அவன் சொல்லவில்லை என்பது.

அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை. வேலை தொடர்பானவற்றை வாசிம் மூலம் சொல்லி அனுப்பினாள். அவன் காலையில் வணக்கம் வைப்பான், அவள் மானிட்டரைப் பார்ப்பாள். அவனும் விளக்கம் சொல்ல வரவில்லை. இரண்டு பேருமே மௌனத்தில் கைதேர்ந்தவர்கள். அவன் வந்து பேசட்டும் என்று அவள் இருந்தாள். அவள் கேட்கட்டும் என்று அவன் இருந்தான். ஒரே ஷெட்டுக்குள், பத்தடி தூரத்தில், ஆளுக்கொரு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்பேட்டைக் கபடிப் போட்டியோடு அவன் வேலை முடிகிறது, அதன்பின் அடுத்த வேலைக்குக் கொச்சிக்குப் போகிறான் என்பதையும் அவள் வாசிம் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். நல்லதுதான் என்று சொன்னாள். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

*

கபடி இறுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷெட்டுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில். நிட்டிங் அணிக்கும், சாயப்பட்டறைக்காரர்களின் டையிங் அணிக்கும். புது நெட்வொர்க்கில் போகும் முதல் நேரலை. இந்தப் பக்கம் ஒன்றாம், இரண்டாம் கேமரா, எதிர்ப்பக்கக் கூடாரத்தில் மூன்றும் நான்கும். கூடாரத்தில் சின்னக் கடிகாரத்தோடு அருள் இருந்தான். பெரிய கடிகாரம் கீர்த்தனாவின் அறையில் இருந்தது.

காலையில் மழை. பார்க்க வேண்டிய ஒத்திகை எதுவும் பார்க்க முடியவில்லை. அவள் செல்லில் அருளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது: ‘கடிகாரத்துக்கு உங்க பக்கத்து வழியைத் தொறந்துட்டுச் சொல்லுங்க.’ கூடாரத்துக்குப் போகிற ஃபைபரில் படம் வரும் வழி ஏற்கெனவே திறந்திருந்தது. கடிகாரத்தின் குரல் போகும் வழியை மட்டும் கடைசியில் இரண்டு முனையிலும் திறக்க வேண்டும். இரண்டு சொடுக்கு வேலை. எத்தனையோ நாள் கழித்து வந்த முதல் செய்தியே இதுதானா... நேரில் வந்து சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? அவள் செல்லைக் கவிழ்த்து வைத்தாள். வரட்டும்.

மழை விட்டு, போட்டி தொடங்கப்போகிற நேரத்தில் பசீர் பாய் உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கண்ணு, கோயமுத்தூர்க்காரங்க இன்னைக்குப் பாத்துட்டு இருக்காங்க. இது நல்லபடியாப் போச்சுன்னா ரூம் இங்கயே இருக்கும். அவங்க கேமராவும் இங்க வரும். லைன் ரெண்டு பக்கமும் போகுமல்ல, அங்க கொண்டு போறதுக்குப் பதிலா இங்க கொண்டு வரலாமேன்னு அருள் தம்பிதான் விடாமப் பேசுச்சு. வந்த மூணாம் நாள்லருந்தே பேசுது. முடிவாகாம உங்கிட்டச் சொல்லி ஆசை காட்டக் கூடாதுன்னு என்னையும் வாயத் தொறக்க விடல.”

அவர் போய்விட்டார். கீர்த்தனா பேனலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வந்த மூன்றாம் நாளிலிருந்து... ஏணியிலிருந்து இறங்கி ஏதோ சொல்ல வந்தானே. நான்தான் நிற்கவில்லையே. கண்ணில் நீர் முட்டியது. மைதானத்தில் விசில் ஊதியது. கை தன் வேலையைத் தொடங்கியது. கவிழ்ந்து கிடந்த செல் நினைவிலேயே இல்லை.

முதல் சில நிமிடம் ஒன்றிலும் இரண்டிலுமே ஓட்டினாள். பிறகு டையிங் அணியின் பீகார்ப் பையன் பாடிக்கொண்டு ரைடுக்குப் போனான். ஒன்றாம் கேமராவில் அவன் எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பினான். அவள் மூன்றுக்கு மாற்றினாள்.

மூன்றில் அவன் இன்னும் கோட்டையே தொடவில்லை.

தொட்டவன் மறுபடியும் போய்த் தொட்டான். அவள் சட்டென்று ஒன்றுக்குத் திரும்பினாள். அடுத்த ரைடில் பார்த்தாள், அதேதான். எதிர்ப்பக்கக் கேமராக்கள் வேறொரு நேரத்தில் இருந்தன. அதற்குள் பசீர் பாய்க்கு யாரோ போன் செய்து, ஒரே ரைடில் பையன் இரண்டு தடவை கோட்டைத் தொடுகிறானே, இரண்டு பாயிண்டா என்று கேட்டுவிட்டார்கள். அங்கே கோயமுத்தூர்க்காரர்களும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஹெட்செட்டில் பாயின் குரல் பதறியது. என்ன ஆச்சு, யார் பக்கம் கோளாறு?

பிறகு அருளின் குரல். எல்லாக் கேமராமேனும் கேட்கிற அந்த லைனில், நிதானமாக.

“என் பக்கம்தானுங்க பாய். என் கடிகாரந்தான் தப்பு. பாத்துக்கறேன்.”

கீர்த்தனா அப்போதுதான் செல்லைத் திருப்பினாள்.

காலையில் வந்த அந்த ஒரு வரி அங்கேயே இருந்தது. அவள் வழியைத் திறக்கவேயில்லை. பெரிய கடிகாரம் இங்கே சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. சின்னது காத்திருந்து, காத்திருந்து, யாருமே இல்லை என்று... அவனுக்கும் இது தெரிந்திருக்கும். தெரிந்துதான் பழியை ஏற்றுக்கொள்கிறான். அவள் பேர் வரக்கூடாது என்று.

சத்தம் போடாமல் வழியைத் திறந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவன் பக்கமே கோளாறாகிப் போகும். அவள் ரோஷமும் அப்படியே இருக்கும்.

அவள் பேசுகிற பட்டனை அழுத்தினாள்.

“அருள்...”

அந்தப் பெயரை அவள் கூப்பிட்டே பல நாளாகியிருந்தது.

“உங்க கடிகாரத்து மேல தப்பில்லீங்க. என் பக்கந்தான் தொறக்கல. நீங்க சொல்லியும்... நாந்தான் தொறக்கல. இப்பத் தொறக்கறேன்.”

இரண்டு சொடுக்கு. ஒன்றாம் கேமராவிலேயே படத்தை வைத்துக்கொண்டு, மூன்றின் மானிட்டரைப் பார்த்தாள். படம் ஒருமுறை துடித்தது. ஒரு கணம் கறுத்து, திரும்பி வந்தது. ஒன்றில் கை ஓங்கினால் மூன்றிலும் கை ஓங்கியது.

ஹெட்செட்டில் அவன் குரல் மெதுவாக வந்தது.

“கேக்குதுங்க.”

அவ்வளவுதான் சொன்னான். வாசிம் மட்டும், “எங்களுக்கும் நல்லாக் கேக்குதுங்க அக்கா,” என்றான். யாரோ சிரித்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த ரைடில் மூன்றுக்கு மாற்றினாள். பையன் ஒரே ஒரு தடவை கோட்டைத் தொட்டுத் திரும்பினான்.

*

நிட்டிங் அணி ஜெயித்தது. கோயமுத்தூரிலிருந்து பசீர் பாய்க்குப் போன் வந்தது. அவர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ரூம் இங்கேயே இருக்கும். முதல் பத்து நிமிடத் தடுமாற்றத்தைப் பற்றி ஏதோ சொன்னார்களாம், புதுச் செருப்புக் கடிக்கத்தானே செய்யும் என்று இவர் சமாளித்தாராம்.

கீர்த்தனா பின்கதவு வழியாக வந்தாள். தூறல் மறுபடி தொடங்கியிருந்தது. காலியான மைதானத்தின் குறுக்கே அருள் வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் சின்னக் கடிகாரப் பெட்டி, மறு கையில் அதே குடை.

அவளும் இறங்கி நடந்தாள். நடுக்கோட்டின் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். சொல்ல நிறைய வைத்திருந்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். களைத்துப்போயிருந்தன. ஆனாலும் அந்தச் சிரிப்பு அங்கே தொடங்கிவிட்டிருந்தது.

“ஏங்க என்கிட்டச் சொல்லல?” என்று கேட்டாள்.

“முடிவாகட்டும்னு இருந்தனுங்க. அப்புறம்... நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்.”

“நான் நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

மழை கொஞ்சம் வலுத்தது. அவன் குடையை உயர்த்தினான். நீட்டிய கையோடு, முழுதாக, அவள் தலைக்கு மேல். பெட்டியின் மீது துளிகள் பட்டுத் தெறித்தன.

“பெட்டி நனையுதுங்க,” என்றாள்.

“நனையட்டுங்க.”

“தப்பா ஓடீருமே?”

அவன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். அந்த மௌனம் அவளுக்கு இப்போது பயமாக இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் இந்த முறை அதை முடியும்வரை விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை.

“நீங்க கொச்சிக்குப் போறீங்க,” என்றாள். “போங்க. வேலையல்லங்களா... ஆனா அங்க போயி, இந்தப் பக்கம் யாருமில்லைன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. நான் சொல்லீட்டே இருப்பேன். உங்களுக்குக் கேக்கறவரைக்கும்.”

“என்ன சொல்லுவீங்க?”

அவள் குடைக்கம்பியை, அவன் விரல்களுக்குச் சற்றுக் கீழே, தானும் பிடித்தாள். குடையை அவன் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். இப்போது இருவர் தோளும் பாதி நனைந்தன.

“உங்களை எனக்குப் புடிச்சிருக்குதுங்க,” என்றாள். “பெட்டிக்குக் குடை புடிச்சுட்டு நின்னீங்களே... அன்னைலருந்தே.”

அவன் கண்கள் சிரித்தன. பிறகு உதடு.

“எனக்கு அந்தச் சந்துலருந்துங்க,” என்றான். “முழங்கால் தண்ணியில நின்னுட்டு, யாரு இந்தப் புள்ளைன்னு யோசிச்சனே... அப்போருந்து.”